எந்த பக்தர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மத நிந்தனைச் செய்தி என்றாலே 'பக்தர்கள் கொதிப்பு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். கடவுளைக் கேலி செய்யும் படம் ஒன்று எங்கள் வீட்டுக்கும் கைபேசியில் வந்தது. விடியும் முன்பே எழுந்து பிரார்த்தனை செய்யும் அம்மா, கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "வேலையத்தவன்" என்று போனைத் திருப்பித் தந்தார். தம்பி அன்று இரவு சாப்பிடவில்லை. சித்தப்பாவோ போலீஸுக்குப் போக வேண்டும் என்று குதித்தார். அந்தப் படத்தை நாற்பது பேருக்கு அனுப்பி வைத்தவரும் அவர்தான்!

சட்டங்களும் இப்படித்தான் தடுமாறுகின்றன. இங்கிலாந்து 2008-ல் மத நிந்தனைக் குற்றத்தை நீக்கியது. 2017-ல் நீக்கிய டென்மார்க், குர்ஆன் எரிப்புகளுக்குப் பிறகு 2023-ல் புனித நூல்களைப் பொதுவில் அவமதிக்கத் தடை விதித்தது. எரிப்பதும் வரைவதும் ஒன்றல்ல என்பது என் கட்சி. சரி, அதில் வாதம் இருக்கலாம். தம்பியின் வருத்தம் நிஜம். ஆனால் அவன் யாரையும் சிறையில் போடச் சொல்லவில்லை. அடுத்த முறை உங்கள் நிருபர் சித்தப்பாக்களைக் கேட்டு முடித்த பிறகு, அம்மாக்களிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்