முதியோர் வீடுகள் பழுது நீக்கும் பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகளைச் சரிசெய்ய எடுத்த வேலை முடிந்துவிட்டது. மொத்தம் 11 வீடுகள். திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் அனுப்பியவர்கள் நேரில் வந்து பார்க்க முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

11இல் 7 வீடுகள் பழைய தொகுப்பு வீடுகள். அரசு கட்டிக்கொடுத்து 25 வருடத்துக்கு மேல் ஆனவை. மேல்தளத்தில் பதித்த தட்டை ஓடு (தட்டோடு) பெயர்ந்து தண்ணீர் இறங்கி, உள்ளே கம்பி துருவேறி உப்பி, காரை கட்டிக்கட்டியாகக் கட்டில் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான் தமிழக அரசு 2024இல் ஊரக வீடுகள் பழுது நீக்கும் திட்டத்தை அறிவித்தது: 2 ஆண்டுகளில் 2.5 லட்சம் வீடுகள், 2,000 கோடி ரூபாய். கிராம சபையில் பட்டியல் வைத்து, ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் வந்து அளந்து, 7 வீட்டுக்கும் கூரை வேலை அந்தத் திட்டத்திலேயே நடந்தது. நாம் செய்தது விண்ணப்பம் எழுதியதும் கூடவே நின்றதும்தான், ஆனால் அந்தக் கூடவே நிற்பதற்கு ஆள் இல்லாமல்தான் இவ்வளவு நாள் அந்த வீடுகள் ஒழுகின.

ஒரு வீட்டில் மட்டும் தகராறு. ஒப்பந்தக்காரர் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசிவிட்டார், ஐப்பசி மழைக்குப் பூச்சு அப்படியே பலகையாக விழுந்தது. நல்லவேளை, அப்பத்தா அப்போது திண்ணையில் இருந்தார். நாங்கள் புகார் எழுதிக்கொடுத்த பிறகு, தளர்ந்த காங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியை பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு அடித்து, மேல்தளத்தில் தட்டோடும் புதிதாகப் பதித்துத் தந்தார்கள். உங்கள் வீட்டுக்கும் வேலை வந்தால் பூசும் முன்னே கம்பியைக் கண்ணால் பாருங்கள்.

மீதி 4 வீடு சொந்தமாகக் கட்டிய ஓட்டு வீடுகள், அரசு கட்டிய வீடு அல்ல என்பதால் பட்டியலில் வரவில்லை. அதில் ஒரு வீட்டுக்கு நத்தம் பட்டா இறந்துபோன கணவர் பெயரிலேயே இருந்தது. நாளைக்கு எந்தத் திட்டம் வந்தாலும் அந்தப் பெயரே குறுக்கே நிற்கும் என்று வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாற்றம் வரைக்கும் கொண்டுபோனோம். கூரை மாற்றுவதை விட இதற்குத்தான் அதிக நாள் ஆனது. கணவர் பெயரில் பட்டா கிடக்கும் வீடுகள் நம் தெருக்களிலேயே இன்னும் நிறைய, தயவுசெய்து இப்போதே கவனியுங்கள்.

சரி, கூரையோடு வேலை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தோம். கீழத்தெரு அப்பத்தா ஒருநாள் சொன்னார்: “ராத்திரி கக்கூஸுக்குப் போகப் பயந்துக்கிட்டு சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்லப்பா.” அன்றைக்குத்தான் வீடு வீடாகக் கழிவறையைப் போய்ப் பார்த்தோம். குத்துக்கால் போட்டு உட்கார முடியாத முழங்கால், வழவழ தரை, பிடிக்க ஒன்றுமில்லாத சுவர், இருட்டில் ஏறவேண்டிய படி. ஒழுகும் கூரைக்குத் திட்டம் இருக்கிறது, அளக்க ஆள் வருகிறார். வழுக்கும் தரையை யாரும் அளப்பதில்லை, ஆனால் எங்களுக்குத் தெரிந்து இந்த ஊரில் பெரியவர்கள் படுத்த படுக்கையானது பெரும்பாலும் அங்கே விழுந்துதான். அதனால் செயற்குழுவில் பேசி 9 வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம், சொரசொரப்பு ஓடு பதித்தோம், 11 வீட்டிலும் கைப்பிடிக் கம்பி போட்டோம். கம்பி எந்த உயரம் என்பதைப் பெரியவரை உட்கார்ந்து எழச் சொல்லி, கை தானாகப் போன இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்தோம், கொத்தனாரின் யோசனை அது.

வாசலுக்குச் சாய்தளம் கேட்டிருந்தீர்கள். ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும், அதற்குக் குறைந்தால் சக்கர நாற்காலி சறுக்கிவிடும். ஒன்றரை அடி வாசலுக்கு 18 அடி, அவ்வளவு நீட்டினால் தெருவையே அடைத்துவிடும். ஆகவே உயரப் படிகளை உடைத்து நாலு அங்குலப் படிகளாக்கி ஒரு பக்கம் கம்பி கொடுத்தோம். சக்கர நாற்காலி ஏறாது, நடப்பவர்களுக்கு மட்டும்தான் உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அப்புறம் கணக்கு. நீங்கள் தந்தது 3,86,500 ரூபாய். 4 ஓட்டுக் கூரைக்கு 2,12,000, கழிவறைகளுக்கு 1,17,000, கம்பி, படி, இரவு விளக்குக்கு 24,300, பத்திரம், சான்றிதழ், போக்குவரத்துக்கு 6,200. ஆகச் செலவு 3,59,500, கையிருப்பு 27,000. ரசீதுகள் எல்லாம் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்த 27,000 ரூபாயை, அடுத்த ஐப்பசிக்குள் 11 கூரைகளிலும் சருகு அள்ளி, தண்ணீர் போகும் வாயை அடைப்பெடுக்க வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். மேலத்தெருவில் இன்னும் 2 வீட்டில் கழிவறை பாக்கி. ஒருவர் மகன் வந்து கேட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னொருவர் பழகியதே போதும் என்கிறார். அவரிடம் மறுபடி போய்ப் பேசுவோம்.

பணிக்குழு