சிறுவர்களுக்குச் சிறிய கோல் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வியாசர்பாடியில் சிறுவர்களுக்குக் கால்பந்து பழக்குகிறேன். சென்ற மாதம் ஒரு போட்டியில் பத்து வயதுக்கு உட்பட்டவர்களைப் பெரியவர்களின் மைதானத்தில், அணிக்கு 11 பேராக இறக்கிவிட்டார்கள். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எங்கள் கோல்கீப்பர் எம்பிக் குதித்தும் மேல்கம்பம் எட்டவில்லை. தலைக்கு மேல் தூக்கியடித்ததெல்லாம் கோல். இடப்பக்கம் ஆடிய சிறுமி மூன்றே முறைதான் பந்தைத் தொட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

பயிற்சியில் செருப்புகளை வைத்துச் சிறிய கோல் அமைத்து, மூவருக்கு மூவர் ஆடவிடுகிறோம். இரண்டாவது தொடுதலிலேயே அடித்தாக வேண்டும். பந்து ஓயாமல் காலுக்கு வரும். நிமிர்ந்து பார்த்து, பாதத்தின் உட்புறத்தால் மூலைக்குத் தள்ள அதே சிறுமி அங்கேதான் கற்றுக்கொண்டாள். போட்டி நடத்துவோர் அடுத்த முறையாவது களத்தையும் கோலையும் சிறிதாக்க வேண்டும்.

கால்பந்துப் பயிற்சியாளர்,
வியாசர்பாடி, சென்னை.