ஸ்கேன் ரிப்போர்ட்டை யார் தமிழில் சொல்லித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகளுக்கு வயது 15. பெரியபிள்ளையாகி இரண்டு வருடமாகிறது. மாதவிடாய் ஒருமுறை 40 நாளில் வரும், அடுத்த முறை 70 நாளாகியும் வராது. சோதனை டென்ஷன் என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு முகத்தில் பருவும் கூடியதால் காலி வீதியில் ஒரு தனியார் நிலையத்தில் ஸ்கேன் எடுத்தோம். சிறுநீர்ப்பை நிறைய வேண்டும் என்று ஒன்றரைப் போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு வாங்கில் நெளிந்துகொண்டிருந்தாள், பாவம்.

கையில் கிடைத்தது ஆங்கிலத்தில் ஒரு தாள். அதில் ‘பொலிசிஸ்டிக் ஓவரீஸ்’, அதாவது சூலகங்களில் நிறைய சிஸ்ட், என்று இருந்தது. சனல் பண்ணிய டொக்டர் தாளைப் பார்த்தார், குளிசை எழுதினார், “உடம்பைக் குறைக்கச் சொல்லுங்கள்” என்றார். ஐந்து நிமிடம்கூட இல்லை. சிஸ்ட் என்றால் கட்டி, கட்டி என்றால் புற்றுநோய். வெள்ளவத்தைக்கு நடந்து வருவதற்குள் என் மனம் அதுவரை போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் இருந்து சின்னம்மா போன் எடுத்து, சாமத்தியத்தின்போது உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஒழுங்காகக் கொடுக்காததன் வினை என்றார். மச்சாள் ஒருத்தி, நாளைக்குக் கலியாணம் பேசும்போது இதை வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். பிள்ளை ஒன்பதாம் வகுப்பு முடித்து இன்னும் ஒரு வருடமும் ஆகவில்லை!

இரண்டு கிழமை நித்திரை இல்லாமல், கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பெண் டொக்டர் சிங்களவர். கடைசியாக வந்த திகதிகளைக் கேட்டார். நான் முழித்தேன். மகள் பென்சில் பெட்டியைத் திறந்து ஏழு கலண்டர் தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். எங்கள் வீட்டில் இருப்பது நாளுக்கு ஒன்றாகக் கிழிக்கும் கலண்டர். நான் கிழித்துக் குப்பையில் போட்ட தாள்களில் தன் நாட்களை மட்டும் ஒரு வருடமாகப் பொறுக்கி வைத்திருக்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

டொக்டர் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறினார். பாதியாக வெட்டிய மாதுளம்பழம் மாதிரி இருந்தது. சூலகத்தில் தெரிபவை உண்மையில் கட்டிகளே அல்லவாம். முட்டை முதிராமல் நின்றுவிட்ட சின்னப் பைகள், ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீற்றர். பெரியபிள்ளையாகி எட்டு வருடம் ஆகும் வரை ஸ்கேனை வைத்து பொலிசிஸ்டிக் ஓவரி நோய் என்று முடிவுகட்டக் கூடாது, இந்த வயதில் அப்படித் தெரிவது சாதாரணம் என்றார். பெயர் வைக்க அவசரம் இல்லை, ஆனால் கவனிக்காமல் விடவும் கூடாது. தைரொயிட், புரோலக்டின் என்ற ஹோர்மோன், சீனி எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதம் தாண்டியும் வராவிட்டால் கட்டாயம் வரவேண்டும், ஏனென்றால் கருப்பையின் உட்தோல் தடித்துக்கொண்டே போகும். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் அன்றே, அந்த நேரமே வரவேண்டும். அது உண்மையான கட்டி ஒன்றால் சூலகம் முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். இவ்வளவையும் பாதி சிங்களம், பாதி ஆங்கிலம், நடுவில் “பயப்பட வேண்டாம் அம்மா” என்ற தமிழோடு சொன்னார். ஒரு சதம் செலவில்லை.

அந்தப் பத்து நிமிட விளக்கத்தை முதலாவது இடத்திலேயே தமிழில் அரைப் பக்கத் துண்டாக அச்சடித்துத் தந்திருந்தால் என்ன? தமிழ் அரச கரும மொழியாகி 1987 இலிருந்து எத்தனை வருடம். சட்டம் தனியாருக்கு இல்லை என்பார்கள், சரி, காசு வாங்குபவர்களுக்குக் கொஞ்சம் மனமாவது இருக்கலாமே. உலகத்தில் பிள்ளை பெறும் வயதில் உள்ள ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருத்திக்கு இருக்கும் பிரச்சினை இது. நீங்களும் சனிக்கிழமைப் பக்கத்தில் மகப்பேற்று வைத்தியர் ஒருவரைத் தமிழில் எழுதவைத்தால் என்ன? ‘பெண்களின் பிரச்சினை’ என்று மூடி எழுதாமல் சூலகம், மாதவிடாய் என்றே எழுதட்டும்.

என் பெயரைப் போடவேண்டாம். மகளுக்கு ஆட்சேபனை இல்லை, போடச் சொல்லியே கேட்டாள். என் மாமியார் வாசிப்பதுதான் உங்கள் பத்திரிகை.

ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 06