சாட் நாட்டுக்குக் குடிநீர்ப் பணிக்குச் செல்லும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சூடானில் நடக்கும் போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தவர்கள் தங்கியிருக்கும் முகாம்களில் குடிநீர்ப் பொறியாளராகப் பணியாற்ற, நீ அடுத்த மாதம் சாட் நாட்டின் கிழக்குப் பகுதிக்குப் புறப்படுகிறாய் என்று உன் அப்பா காட்பாடி ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்தபோது சொன்னார். மகிழ்ச்சியும் கவலையும் கலந்த குரலில் சொன்னார். "நீங்கள் முகாமில் வேலை பார்த்தவர், அவளுக்கு இரண்டு வார்த்தை எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். இரண்டு வார்த்தையில் முடியக்கூடிய செய்தி அல்ல இது. இதே வேலைக்குப் போகும் வேறு பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் உனக்கு எழுதும் கடிதத்தைப் பொதுவில் வைக்கிறேன்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கையில் மறுபடியும் போர் மூண்டபோது, ராமேசுவரத்தில் வந்து இறங்கிய குடும்பங்களைத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் பழைய வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்து, வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆகியிருந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத எனக்கு, வேலூருக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு முகாமின் தண்ணீர்ப் பொறுப்பைக் கொடுத்தார்கள். கடல் தாண்டி வந்தவர்களிடம் துணி மூட்டைகூட முழுதாக இல்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை அகன்ற வாய் கொண்ட அலுமினியப் பாத்திரங்கள். இந்தப் பாத்திரத்தை மனத்தில் வைத்துக்கொள். பிறகு இதற்கு வருகிறேன்.

காலையில் டேங்கர் லாரி வரும். மேடையில் இருந்த சின்டெக்ஸ் தொட்டிகளில் தண்ணீரை ஏற்றி, பிளீச்சிங் பவுடரைச் சிறிது தண்ணீரில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுவிடுவோம். பிறகு, நீரில் எஞ்சி நிற்கும் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியின் கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் ஏறும். பக்கத்தில் இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட்டு, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இடுவேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அந்தப் பதிவேட்டை யார் பார்த்தாலும் அந்த முகாமில் எவருக்கும் தண்ணீரால் நோய் வந்திருக்க முடியாது என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் நோய் வந்தது. மூன்றாவது வாரத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரிசையாக வயிற்றுப்போக்கு. இரண்டு குழந்தைகளுக்கு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. நான் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு குடிசை குடிசையாகப் போய், தண்ணீரில் குறை இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி, நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, உந்தப் போத்தலைக் கொண்டு வந்து எங்கட சட்டியில ஒருக்காப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். காலை ஏழு மணிக்குத் தொட்டியில் பளிச்சென்று மஞ்சள் காட்டிய அதே தண்ணீர், பிற்பகல் மூன்று மணிக்கு அவருடைய அலுமினியப் பாத்திரத்தில் நிறமே காட்டவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். அப்போதும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மண்ணில் விளையாடிவிட்டு வந்த பேரன் டம்ளரைக் கையோடு பாத்திரத்துக்குள் அமுக்கி மொண்டு குடித்துவிட்டு ஓடினான்.

அம்மா, நான் உனக்குச் சொல்ல வேண்டியது அந்தப் பாத்திரத்துக்குள்தான் இருக்கிறது. தண்ணீரைத் தொட்டியில் அளந்து திருப்தி அடையாதே. குடிக்கிறவரின் கையில் இருக்கும் குவளையில் அளந்து பார்.

குளோரின் காவல்காரனைப் போன்றது. வருகிற கிருமியோடும் அழுக்கோடும் மோதி மோதித் தன்னையே செலவழித்துக்கொள்ளும். வெயில் ஏறினால் இன்னும் வேகமாகக் கரையும். வேலூர்க் கத்திரி வெயிலைப் பார்த்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீ போகும் இடமும் அப்படிப்பட்டதுதான். குழாயடியில் தூய்மையாக இருந்த நீர், வாளி விளிம்பில் பட்ட விரலாலும், மூடாமல் வைத்த வாயாலும், மொள்ளும் கையாலும் வீட்டுக்குள் வந்தபின் கெடுகிறது. 1993இல் மலாவி நாட்டில் மொசாம்பிக் அகதிகள் இருந்த முகாமில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கை நுழைய முடியாத மூடியும் ஊற்றுவதற்கு ஒரு மூக்கும் வைத்த வாளியைச் சில குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 31 விழுக்காடு குறைந்தது. அதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுக் குடம்தான் நினைவுக்கு வந்தது. குறுகிய கழுத்து, கை போகாது, சாய்த்துத்தான் ஊற்ற முடியும். நம் பாட்டிமார் இடுப்பில் சுமந்ததும் அந்த வாளியும் ஒரே அறிவில் பிறந்தவை. நாங்கள் அந்த மக்களுக்குக் குடம் கொடுக்காமல் அகன்ற பாத்திரம் கொடுத்தோம். பிறகு மூடியும் நீண்ட பிடி வைத்த அகப்பையும் வீட்டுக்கு ஒன்றாகச் சேர்த்தோம். எளிய செலவு. முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இதற்கு அடுத்து நான் செய்த தவறு முதல் தவறைவிடப் பெரியது. வீட்டில் குளோரின் நிற்கவில்லை என்று தெரிந்ததும், தொட்டியில் அளவைக் கூட்டினேன். இரண்டே நாளில் குழாயடி வரிசை பாதியாகச் சுருங்கியது. காரணம் கேட்டால் ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அதே மூதாட்டிதான் சொன்னார்: "எங்கட கிணத்துத் தண்ணி இப்பிடி மணக்கிறேல்லை, தம்பி. பிள்ளையள் வாயில வைக்குதுகள் இல்லை." யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு கிணறு, துலாவில் அள்ளிய இனிய நீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு எங்கள் தண்ணீரில் மருந்து வாடை தாங்கவில்லை. பெண்கள் பக்கத்து வயலின் பாசனக் கிணற்றுக்குப் போய்விட்டார்கள். ஆடு மாடு இறங்கும் கிணறு அது. ஆக, அளவைக் கூட்டிய என் கையே அவர்களைக் கெட்ட தண்ணீருக்கு அனுப்பியது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உன் வேலை முழுவதும் இருக்கப்போகிறது. குழாயடியில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருந்தால் போதும் என்று அவசரகால உதவிக்கான ஸ்பியர் கையேடு சொல்லிவந்தது. தெற்கு சூடான் முகாம்களில் தண்ணீரைக் குழாயிலிருந்து வீடுவரை பின்தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. பத்து மணி நேரம் கழித்தும் வீட்டில் 0.2 நிற்க வேண்டுமானால் அங்கே குழாயடியில் 1.0 தேவைப்படும் என்று அது கண்டது. இந்த எண்ணை நீ அப்படியே எடுத்துக்கொண்டு போகாதே. வெப்பம், கலங்கல், பாத்திரம், தண்ணீர் வீட்டில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் உன் முகாமின் அளவைத் தீர்மானிக்கும். அந்த மக்களின் நாக்கு எதுவரை பொறுக்கும் என்பதும் அதில் ஒரு பங்கு. வாடையை ஒரேயடியாக ஏற்றாமல் படிப்படியாக ஏற்று. ஏன் ஏற்றுகிறாய் என்பதை முதலில் முகாமின் மூத்த பெண்களிடம் சொல். பவுடர் மூட்டையையும் பார்த்துக்கொள். புதிதாக இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ள அந்தத் தூள், வாய் திறந்த சாக்கில் வெப்பத்தில் கிடந்தால் வீரியம் இழந்துவிடும். பிறகு எத்தனை கிராம் போட்டாய் என்ற கணக்குக்குப் பொருளே இல்லை.

தண்ணீரின் அளவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், 250 பேருக்கு ஒரு குழாய், வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள், வரிசையில் அரை மணிக்கு மேல் நிற்கக் கூடாது என்பவை ஸ்பியர் கையேட்டின் எண்கள். உனக்கு மனப்பாடமாக இருக்கும். தண்ணீர் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து எல்லைக்கு அப்பால் காங்கோவில் (அப்போது ஜைர்) உள்ள கோமாவுக்கு ஓடிவந்தவர்களின் முகாம்கள் எரிமலைப் பாறை மேல் இருந்தன. கிணறும் தோண்ட முடியாது, கழிப்பறையும் தோண்ட முடியாது. முதல் மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காலராவாலும் பிற வயிற்றுப்போக்கு நோய்களாலும். தண்ணீர் குறைந்தால் முதலில் நின்றுபோவது கை கழுவும் பழக்கம். கை கழுவாத வீட்டில் நீ எவ்வளவு நல்ல நீர் கொடுத்தாலும் அது குவளைக்கு வரும்போது நல்ல நீராக இராது. அதனால் 15 லிட்டர் என்பதைக் குடிக்கும் கணக்காக மட்டும் நினைத்துவிடாதே.

நீ போகும் நாட்டில் மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் வறண்டு மணலாகக் கிடக்கும் ஆறுகள் உண்டு, வாடி என்பார்கள். மக்கள் அந்த மணலில் குழி தோண்டி நீர் எடுப்பார்கள். பாலாற்றில் ஊற்று தோண்டி, தேங்காய் ஓட்டால் மொண்டு, குடம் நிறையும்வரை உட்கார்ந்திருந்த பெண்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சி உனக்கு அங்கே அந்நியமாகத் தோன்றாது. "தண்ணீர் இல்லாத ஆறு" என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள்; ஆற்றுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது என்பது அதில் தோண்டியவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் தெளிந்த நீரை நம்பிவிடக் கூடாது என்பதையும் நம் ஊரே நமக்குக் கற்பித்திருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்தில் கண்ணாடி போல் தெரியும் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாத இடங்கள் இருந்தன. வங்கதேசத்தில் 2017இல் ரோஹிங்கியா மக்கள் லட்சக்கணக்கில் வந்தபோது, அவசரத்தில் கழிப்பறைகளுக்குப் பக்கத்திலேயே ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் போட்டார்கள்; அடித்தால் தெளிந்த நீர்தான் வந்தது, அதில் மலக் கிருமியும் வந்தது.

நீ பெண்ணாக இருப்பது இந்த வேலைக்குப் பெரிய பலம். சூடான் எல்லையை ஒட்டிய சாட் நாட்டு ஊரான அத்ரே பக்கத்துக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். ஓர் ஆண் அதிகாரி வாசலில் நின்றுதான் பேச முடியும். உன்னை உள்ளே அழைத்து உட்கார வைப்பார்கள். குடிநீர்ப் பாத்திரம் எங்கே இருக்கிறது, மூடி இருக்கிறதா, கைக்குழந்தைக்கு எந்த நீரைக் கொடுக்கிறார்கள், இருட்டியபின் குழாயடிக்குப் போக எந்த வழியில் அஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்தால்தான் தெரியும்.

இன்னொன்று. தற்காலிகம் என்ற சொல்லை நம்பாதே. 1990இல் நாங்கள் ஆறு மாதத்துக்கு என்று சொல்லி வைத்த ஏற்பாடுகளில் குழந்தைகள் பிறந்து வளர்ந்து பெற்றோரும் ஆனார்கள். அகதிகள் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, வேலூருக்குப் பக்கத்து மேல்மொணவூரில் அவர்களுக்கான புதிய வீடுகளுக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டியது 2021இல்தான். முப்பத்தொரு ஆண்டுகள். டேங்கர் லாரி வந்து நிற்கும் முதல் நாளிலிருந்தே குழாய் எந்த வழியாக வர வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே நட.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு மாலையும் ஐந்து வீடுகளுக்குப் போ; முன்கூட்டிச் சொல்லாமல், ஆனால் அனுமதி கேட்டு. குழாயடியிலிருந்து எத்தனை மணிக்குக் கொண்டு வந்த நீர் என்று விசாரித்து, அவர்கள் குடிக்கும் குவளையில் அதை வாங்கி அளந்து, அந்த எண்ணைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுது. தொட்டியின் எண் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும். வாரம் ஒரு முறை அந்த முப்பத்தைந்து எண்களையும் எனக்கு அனுப்பி வை. இங்கே நான் வரைபடத் தாளில் குறித்துக்கொண்டு, எந்த நேரத்தில் எந்தப் பக்கத்துக் குடிசைகளில் சரிகிறது என்று உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அப்பாவின் நண்பன்
வேலூர்