நிரலாக்கம் பயில்வோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களே பெரும்பான்மை என்பதால் அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதியிருக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. லினக்ஸ் இயங்குதளம் நிறுவும் பயிற்சி நடந்தது. புத்தகப் பரிமாற்றமும் நடந்தது. எடுத்துப்போன புத்தகங்கள் இன்னும் திரும்பவில்லை.

சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது கேள்விப் பதிவேடு பற்றி. புதியவர்கள் கேட்பதை அவர்கள் சொற்களிலேயே எழுதி, எதிரே பதிலையும் எழுதிவைப்பது நான் கொண்டுவந்த திட்டம். ‘எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே, எதற்கு இந்த வீண்வேலை?’ என்று செயற்குழுவில் கேட்டார்கள். கிடைக்கிறதுதான், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்று தெரிந்தவருக்கு. ஒருவர் பைதான் என்ற நிரல்மொழியில் கூட்டல் நிரல் எழுதினார். 5, 7 என்று கொடுத்தால் 57 என்று வந்தது. ‘பைதானுக்குக் கணக்கு வராதா?’ என்பதே அவர் கேள்வி. இதை எந்தத் தேடுபொறியிடம் கேட்பது? தட்டச்சிடுவதை வாங்கித் தரும் இன்புட் கட்டளை வழியாக வருவது எண் அல்ல, எழுத்துச் சரம். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒட்டத்தான் செய்யும், இன்ட் என்ற கட்டளை கொண்டு எண்ணாக மாற்றினால் 12 வரும் என்று எழுதிக் கொடுத்தோம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.30000000000000004 என்ற விடையைப் பார்த்தவர் கணினியே பழுது என்று முடிவுகட்டியிருந்தார். 0.1 என்பதை, 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்துக் கணினி எழுதும் இரும எண்முறையில் முடிவுபெற எழுத முடியாது என்பது அவருக்கான பக்கத்தில் இருக்கிறது.

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை, பைதானில் நீளம் அளக்கும் லென் கட்டளை 5 என்று காட்டுகிறதே, எழுத்து மூன்றுதானே என்று இன்னொருவர் சண்டைக்கே வந்துவிட்டார். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும், ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும். ஆக, குறியீடுகள் ஐந்து. அந்தப் பக்கம் நன்றாக வந்திருக்கிறது. எழுதியவன் நான்தான்.

பதில் சொல்ல முறைப்பட்டியல் போட்டபோது மூத்த உறுப்பினர்கள் முந்திக்கொண்டு பெயர் கொடுத்தார்கள். தம் முறை வந்தபோது பலரைக் காணவில்லை. வந்த சிலரும் நிரல் எழுத உதவும் உரைத் திருத்திகளில் எது சிறந்தது, விஐயா ஈமேக்ஸா என்று தங்களுக்குள் மல்லுக்கு நின்றார்கள். இரண்டுமே 1976இல் தோன்றியவை; அந்த வழக்குக்கு நம் சங்கத்தில்தான் தீர்ப்பு வர வேண்டும் என்பதில்லை. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், இருவர் செய்த மாற்றங்கள் ஒன்றோடொன்று முட்டும் மெர்ஜ் மோதலோடு வந்த புதியவர் ஒருவர் மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். மறுபடி வரவில்லை.

சந்தா செலுத்தாதவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. அவர்களில் சிலர் முன்வரிசையில் இருப்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாகிவிட்டன. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அவர் கணினியில் ‘கணக்கு இறுதி’, ‘கணக்கு இறுதி 2’, ‘கணக்கு மெய்யான இறுதி’ என்று மூன்று கோப்புகள் இருப்பதால், எது செல்லும் என்பதைத் தணிக்கையாளர் சொல்வார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை உருவாக்கியது லினக்ஸின் உட்கருவான கர்னலுக்காக என்றாலும், சங்கக் கணக்குக்கு அதைப் பயன்படுத்த யாரும் தடை போடவில்லை.

இடம் தந்தவர்களுக்கும், நாற்காலி எடுத்துப் போட்டவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் பதிவேடு என் மேசையில் ஒற்றைப் பிரதியாகக் கிடக்கிறது. அதை நம்பி ஒப்படைக்க ஆள் தெரியவில்லை. பட்டியலில் பெயர் கொடுப்பதோடு நிற்காமல் நேரிலும் வரக்கூடிய இருவர் துணைக்குக் கிடைத்து, நிலுவைச் சந்தாவும் வந்து சேர்ந்தால், என் முடிவில் நான் பிடிவாதமாக இருக்கப் போவதில்லை.

அதுவரை புதியவர்கள் கேள்விகளை என்னிடமே தரலாம். ‘நிரல் ஓடவில்லை’ என்று மட்டும் எழுத வேண்டாம். பிழைச்செய்தியை முழுதாக எழுதித் தரவும். பைதானில் பிழையின் பெயர் கடைசி வரியில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்