பிராங்ஸ்டனில் வாழ்ந்து பேர் பெற்றவர்களுக்கு அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே நினைவுப் பலகை வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கேரம் டவுன்ஸ், ஸ்கை, லாங்வாரின் பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சார்பாக,
முதியோர் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்,
கேரம் டவுன்ஸ், விக்டோரியா.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள்,
பிராங்ஸ்டன் மாநகர சபை,
விக்டோரியா, ஆஸ்திரேலியா.

பொருள்: நம் நகரத்தில் வாழ்ந்து பேர் பெற்றவர்களின் கதையை, அவர்கள் வாழ்ந்த இடங்களிலேயே, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பலகையாக வைப்பதும், நூலகங்களில் வரைபடக் கையேடாகத் தருவதும் குறித்து.

மேயர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த மனுவைத் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறோம். கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேர் எங்கள் அம்மாக்களும் மாமனார் மாமியார்களும்தான். தாங்கள் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர்கள் முழுசாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் தமிழே முதலில் வந்தது.

நான் இந்த வட்டாரத்தில் முதியோர் பராமரிப்பு வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன், நான் கவனித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மையார் என் ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். உடனே அவர், "இந்தக் கேரம் டவுன்ஸிலிருந்துதான் ஒரு பாதிரியார் உங்கள் பக்கத்துக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வாராவாரம் நான் கும்பிடப் போகும் சிவா விஷ்ணு கோயில் இருக்கும் அதே கேரம் டவுன்ஸ். அப்படியிருந்தும் அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்புறம் விடுமுறை நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதுதான் இந்த மனுவாக வளர்ந்திருக்கிறது.

அந்தப் பாதிரியார் ஜெரார்டு கென்னடி டக்கர். 1885-இல் பிறந்தவர், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். 1930-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் செயின்ட் லாரன்ஸ் சகோதரத்துவம் என்ற அமைப்பைத் தொடங்கி, 1933-இல் மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் சேரிப் பகுதிக்கு வந்தார். வேலையில்லாத் திண்டாட்டம் குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்த காலம் அது. ஃபிட்ஸ்ராயின் நெருக்கமான சந்துகளிலிருந்து குடும்பங்களை வெளியே கொண்டுவர அவர் தேர்ந்தெடுத்த இடம் கேரம் டவுன்ஸ். 1935-இல் இங்கே சின்னச் சின்ன வீடுகள் எழும்பின. வேலை இழந்தவர் குடியிருக்க ஒரு வீடு, காய்கறி போடக் கொஞ்சம் நிலம். காலம் மாறி வேலை கிடைக்கத் தொடங்கியதும் அந்தக் குடியிருப்பு வயதானவர்களின் இல்லமாக மாறியது. பிள்ளைகளுக்குப் பாரமாக இல்லாமல் தன் வீட்டில், தன் கதவுக்குத் தானே சாவி வைத்துக்கொண்டு முதுமையைக் கழிக்கலாம் என்பதை இந்த நாட்டுக்குச் செய்து காட்டிய இடங்களில் அதுவும் ஒன்று. என் பிழைப்பே இந்த வேலைதான் என்பதால், இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1953-இல் டக்கர் இன்னொன்றைத் தொடங்கினார். சமாதானத்துக்கு உணவு என்பது அந்த இயக்கத்தின் பெயர். வாரந்தோறும் சிறுதொகை சேர்த்து, இந்தியாவில் நடந்த ஒரு சிறிய மருத்துவத் திட்டத்துக்கு அனுப்பினார்கள். அந்தச் சிறிய இயக்கம் 1962-இல் கம்யூனிட்டி எய்ட் அப்ராட் என்று பெயர் மாறியது, பின்னாளில் ஆக்ஸ்ஃபாம் ஆஸ்திரேலியா என்ற உதவி அமைப்பாக வளர்ந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து இலங்கையின் கிழக்குக் கரையையும் தமிழகத்தின் நாகப்பட்டினத்தையும் அள்ளிக்கொண்டு போனபோது, இரண்டு கரையிலும் நின்று வேலை செய்த அமைப்புகளில் ஆக்ஸ்ஃபாமும் ஒன்று. எங்கள் குடும்பங்களில் சிலர் அந்தக் கரைகளிலிருந்து வந்தவர்கள். அந்த உதவியின் ஒரு வேர் நம் வீட்டுப் பக்கத்து மண்ணில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அந்த அம்மையார் சொல்லித்தான் தெரியும், அவரும் இப்போது இல்லை.

எங்கள் முதல் வேண்டுகோள் இதுதான். கேரம் டவுன்ஸில் மக்கள் நின்று படிக்கக்கூடிய ஓர் இடத்தில் டக்கரின் கதையைச் சொல்லும் பலகை ஒன்று வேண்டும். கேரம் டவுன்ஸ் நூலகத்தின் வாசலாக இருந்தாலும் சரி, கோயிலுக்கு வரும் சாலையோரமாக இருந்தாலும் சரி. 1994-இல் கும்பாபிஷேகம் ஆன எங்கள் கோயிலுக்குத் திருவிழா நாட்களில் மெல்போர்ன் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சிவனையும் பெருமாளையும் ஒரே வளாகத்தில் கும்பிட்டு, சாப்பிட்டு, அப்படியே கார் ஏறிப் போய்விடுகிறார்கள். வந்து போகும் ஊரில் யார் வாழ்ந்தார் என்று அவர்கள் படிக்க ஒரு வரியாவது இருக்கட்டும். அது தமிழிலும் இருந்தால் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவார்கள்.

ஒருவரோடு நிறுத்திக்கொள்ள எங்களுக்கு மனம் இல்லை. தேடத் தேட ஒரு விஷயம் என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைத்தது. பிராங்ஸ்டனின் பேர் பெற்றவர்கள் என்று எடுத்துக்கொண்டால் அவர்களில் பலர் இங்கே பிறந்தவர்களே அல்லர், எங்களைப் போல வந்து சேர்ந்தவர்கள்.

குத்துச்சண்டை வீரர் ஜானி ஃபாமெஷானை எடுத்துக்கொள்ளுங்கள். 1945-இல் பாரிஸில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோரோடு ஆஸ்திரேலியா வந்தவர். 1969 ஜனவரியில் லண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஹொசே லெக்ராவைப் புள்ளிக் கணக்கில் வென்று ஃபெதர்வெயிட் உலகச் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு ஜூலையில் சிட்னியில் ஜப்பானின் ஃபைட்டிங் ஹராடாவோடு மோதினார். நடுவர் முதலில் சமம் என்று அறிவித்து, கணக்கை மறுபடி பார்த்த பிறகுதான் வெற்றி ஃபாமெஷானுக்கு என்று ஆனது. அந்தச் சந்தேகத்தை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. 1970 ஜனவரியில் ஹராடாவின் சொந்த மண்ணான டோக்கியோவுக்கே போய், 14-ஆவது சுற்றில் அவரை வீழ்த்திவிட்டு வந்தார். 1991-இல் கார் மோதி மூளையில் பலத்த அடி. பேச்சையும் நடையையும் குழந்தை மாதிரி மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது, கற்றார். கடைசிவரை பிராங்ஸ்டன்காரராக வாழ்ந்து 2022-இல் மறைந்தார். பல்லம் பார்க்கில் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. பக்கவாதம் வந்து கை கால் பயிற்சி எடுக்கும் எங்கள் பெரியவர்களை அந்தச் சிலையின் முன்னால் கூட்டிப் போய் நிறுத்தினால், உலகப் பட்டத்தைவிட அந்த இரண்டாவது நடைதான் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியும். அந்தக் கதையைப் பல மொழியில் கேட்கும்படி சிலையருகே ஒரு கியூஆர் குறியீடு ஒட்டினாலும் போதும்.

அடுத்து நான் சொல்லப்போகும் பெயரைப் பற்றி எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. வேண்டாம் என்றவர்களும் உண்டு. யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

லாங்வாரினில் இன்று காட்டுப்பூக்கள் பூக்கும் இயற்கைக் காப்பகம் ஒரு காலத்தில் இராணுவ முகாம். முதல் உலகப் போரின்போது பால்வினை நோய் வந்த சிப்பாய்களை அங்கே ஒதுக்கி வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். எகிப்திலிருந்து அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் மாரிஸ் பக்லி. 1916-இல் முகாமிலிருந்து ஓடிவிட்டார். இராணுவக் கணக்கில் அவர் தப்பியோடியவர். ஆனால் அதே ஆண்டு மே மாதம் சிட்னிக்குப் போய், தாயின் பிறந்த வீட்டுப் பெயரைச் சேர்த்துக்கொண்டு ஜெரால்டு செக்ஸ்டன் என்ற பெயரில் மறுபடி படையில் சேர்ந்தார். 1918 செப்டம்பர் 18-ஆம் தேதி பிரான்சின் ல வெர்கியே கிராமத்துக்கு அருகே, எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கிப் பிடித்தார். அதற்காக, போர்க்கள வீரத்துக்குத் தரும் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது, முதலில் அந்தப் பொய்ப் பெயருக்கு. பிறகு உண்மையைச் சொல்லி, 1919-இல் சொந்தப் பெயருக்கு மாற்றி அறிவிக்கப்பட்டது. 1921-இல், குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டு இறக்கும்போது அவருக்கு முப்பது வயதுகூட முழுதாக ஆகவில்லை.

இவருக்கு லாங்வாரினில் பலகை வேண்டும் என்கிறோம். நோயையும் மறைக்காமல் எழுத வேண்டும், ஓடியதையும் எழுத வேண்டும். எங்கள் சமூகத்தில் காசநோய், மனநோய், போதைப் பழக்கம் எதுவானாலும் திரைச்சீலைக்குப் பின்னால்தான் இருக்கும். வெளியே தெரிந்தால் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாது என்ற பயம். ஒதுக்கி வைக்கப்பட்ட ஒருவர் திரும்பி வந்து நிமிர்ந்து நின்ற இடம் நம் நகரத்தில் இருக்கிறது. காப்பகம் மாநிலப் பூங்கா நிர்வாகத்தின் கையில் இருப்பதால் மாநகர சபை தனியாக முடிவெடுக்க முடியாது என்று அறிவோம். நீங்கள் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் அதற்கு இருக்கும் எடை எங்கள் கடிதத்துக்கு இருக்காது.

லாங்வாரினில் டேம் எலிசபெத் மர்டாக்கின் குரூடன் பண்ணை இருக்கிறது. 1928-இல் கல்யாணப் பரிசாகக் கிடைத்த வீட்டில், 103 வயதில் 2012-இல் மறையும்வரை மரம் வளர்த்துக்கொண்டும், குழந்தைகள் மருத்துவமனைக்காக உழைத்துக்கொண்டும் இருந்தவர். அவரை இந்த நகரம் ஏற்கனவே நன்றாக அறியும், ஆகவே நாங்கள் நீட்டவில்லை. மெக்கிலெலண்ட் சிற்பப் பூங்கா ஹாரி, நேன் மெக்கிலெலண்ட் என்ற உடன்பிறந்தவர்களின் பெயரால் 1971-இல் திறக்கப்பட்டது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், பெயருக்குப் பின்னால் இரண்டு மனிதர்கள் இருந்ததை அவர்கள் அறியார்கள். அப்புறம், கடற்கரைக்கு மேலே இருக்கும் ஆலிவர்ஸ் ஹில். காரில் போகிறவர்கள் அங்கே நிறுத்தி விரிகுடாவைப் படம் பிடிப்பார்கள். அந்தப் பெயர் ஏதோ ஒரு பிரபுவுடையது என்று நான் நினைத்திருந்தேன். ஜேம்ஸ் ஆலிவர் என்ற மீனவர் அவர். மேட்டில் குடிசை போட்டு, அங்கிருந்து கீழே தண்ணீரில் மீன் கூட்டம் போவதைப் பார்த்துப் படகு இறக்குவாராம். கட்டுமரத்துக்குக் கரையில் நின்று கடலின் நிறம் பார்த்துக் கை காட்டும் ஆட்களை அறிந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். ஒரு மீனவர் பெயரில் மலை இருக்கும் நகரம் நம்முடையது, அதைச் சொல்லிக்கொள்ள வேண்டாமா?

இவர்கள் எல்லோருக்கும் முன்பே இந்தக் கரை பூனுராங் பூர்வகுடி மக்களுடையது. அவர்களில் யாருடைய பெயரை, எந்தக் கதையை, எந்த மொழியில் எழுதுவது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நாங்கள் அதில் வாய் வைக்கவில்லை. அவர்களைக் கேட்ட பிறகே வேலை தொடங்கட்டும், வரைபடத்தில் அவர்களுடைய பக்கம் முதல் பக்கமாக இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். மெல்போர்னிலிருந்து தெற்கே வரும் ரயில் பாதையின் கடைசி நிறுத்தம் என்று பிராங்ஸ்டனை எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் பழைய குற்றச் செய்திகளும் கேலியும்தான். பிராங்ஸ்டன் என்றதும் முகம் சுளிப்பவர்களை எங்கள் பிள்ளைகள் கல்லூரியிலும் வேலையிடத்திலும் பார்க்கிறார்கள். சிலர் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல், பக்கத்தில் கௌரவமான ஒரு பேட்டையின் பெயரைச் சொல்லிச் சமாளிக்கிறார்கள். என் மகளே அப்படிச் சொன்னதை ஒருநாள் காதால் கேட்டேன். அன்று இரவு அவளுக்கு டக்கரைப் பற்றிச் சொன்னேன். நம்பாமல் தேடிப் பார்த்தாள். இப்போது தோழிகளிடம் அவளே அதைச் சொல்கிறாள்.

செலவைப் பற்றியும் யோசித்தோம். ஒரே வருடத்தில் எல்லாப் பலகையும் வைக்கச் சொல்லவில்லை. முதலில் டக்கர், அதற்கு அடுத்து பக்லி. மற்றவர்களை ஒரு மடிப்புத் தாள் வரைபடத்தில் அச்சிட்டு, பிராங்ஸ்டன், கேரம் டவுன்ஸ் நூலகங்களிலும் ரயில் நிலையத்திலும் வைத்தால் இப்போதைக்குப் போதும். தமிழ் மொழிபெயர்ப்பை நாங்கள் இலவசமாகச் செய்து, இருவர் சரிபார்த்துத் தருகிறோம். மற்ற மொழிக்காரர்களையும் நாங்களே தேடிப் பிடிப்போம், அக்கம்பக்கத்தில் எல்லோரும் பழக்கமானவர்கள்தான். இன்னொரு சின்ன விஷயம்: பழைய கேரம் டவுன்ஸை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து நூலகத்தில் சேர்க்க மாநகர சபை அனுமதியும் ஒரு பதிவுக் கருவியும் தந்தால், என்னைப் போன்ற பராமரிப்புப் பணியாளர்கள் சிலர் ஓய்வு நாளில் வந்து உட்கார்ந்து கேட்கத் தயாராக இருக்கிறோம். இதைத் தள்ளிப் போட முடியாது.

இது பற்றி நேரில் பேச உங்களுக்கு வசதியான ஒரு நாளைக் குறித்துத் தந்தால் நான்கு பேர் வருகிறோம். அல்லது ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை நீங்களே கேரம் டவுன்ஸுக்கு வாருங்கள். டக்கரின் குடியிருப்பு இருந்த பக்கம் சேர்ந்து நடந்து பார்ப்போம், பலகை எங்கே நின்றால் கண்ணில் படும் என்று அங்கேயே முடிவு செய்யலாம். மதியம் கோயிலில் சாப்பாடு இருக்கும், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கேரம் டவுன்ஸ், ஸ்கை, லாங்வாரின் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு