படத்தில் இருப்பவர்கள் நான்கு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தபலா வித்வான் ஜாகிர் உசேன் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரை பரவாயில்லை. என் குறையெல்லாம் அதோடு வந்த படத்தின் கீழே இருந்த ஒற்றை வரி மேல்தான். எழுபதுகளில் ஜாஸையும் நம் இசையையும் சேர்த்து வாசித்த சக்தி குழு, நான்கு பேர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே ‘ஜான் மெக்லாக்லின், ஜாகிர் உசேன் மற்றும் குழுவினர்’ என்று போட்டிருக்கிறீர்கள். நாலு பேரில் இரண்டு பேருக்குப் பெயர் உண்டு, மிச்ச இரண்டு பேர்தான் குழுவினரா? வயலினோடு இருப்பவர் எல்.சங்கர். மடியில் கடத்தை வைத்திருப்பவர் விக்கு விநாயகராம். லண்டன் பத்திரிகை ஒன்று இப்படிப் போட்டிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன், தமிழ்ப் பத்திரிகையே போட்டால் என்ன செய்வது?

கட்டுரைக்குள்ளும் ‘மேற்கத்திய கிட்டாருக்கு நம் வித்வான்கள் பக்கவாத்தியம் வாசித்த ஃப்யூஷன்’ என்று ஒரு இடம் வருகிறது. அப்படி இல்லை சார். கிட்டார்காரர் மெக்லாக்லின் அதற்கு முன்னால் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்று காதைப் பிளக்கும் மின் கிட்டார் குழு நடத்தியவர், நல்ல பெயரும் கூட்டமும் இருந்தது. அதை விட்டுவிட்டு வந்து, அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் கர்நாடக இசை வித்வான் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். அப்புறம் கிப்சன் கம்பெனியில் தனக்கென்று ஒரு கிட்டார் செய்யச் சொன்னார். வழக்கமான ஆறு தந்திகளுக்குக் கீழே குறுக்காக இன்னும் ஏழு தந்திகள், சுருதிக்கு. கிட்டார் கழுத்தில் மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) நடுவிலுள்ள மரத்தைக் குடைந்தெடுத்திருப்பார்கள், அதனால் வீணையில் போலத் தந்தியை அழுத்தி இழுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகம் கொண்டுவரலாம். தன் வாத்தியத்தையே மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் அவர். பக்கவாத்தியம் யார் யாருக்கு வாசித்தார்கள் என்று இதற்கு மேலும் எப்படிச் சொல்வது?

ஜாஸ் நால்வர் குழு என்றால் பொதுவாக சாக்ஸஃபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்றுதான் நினைப்போம். இங்கே அதில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் ஜாஸ்காரர்களுக்கு இது அந்நியமாகப் படவில்லை என்றால் அதற்குக் காரணம் தாளத்தில் இருக்கிறது. ஜாஸில் ஆளுக்கு நாலு பார் (தாளச் சுற்று) என்று மாற்றி மாற்றி வாசிப்பார்கள். நம் கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, கணக்கைச் சுருக்கிக்கொண்டே வந்து, அந்தக் குறைப்பு முடிந்து மோரா, கோர்வை என்ற முடிப்புச் சொற்கட்டுகளைச் சேர்ந்து வாசித்து முடிப்பார்களே, இரண்டும் கிட்டத்தட்ட பங்காளி முறைதான். போதாததற்கு ஜாகிர் வாசித்தது பஞ்சாப் கரானா என்ற வட இந்திய மரபுத் தபலா, விநாயகராம் வாசித்தது கர்நாடகக் கணக்கு. ஆக மேற்கும் கிழக்கும் சந்தித்தது மட்டுமில்லை, நம் வடக்கும் தெற்குமே அந்த மேடையில் சந்தித்துக்கொண்டன, கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

விநாயகராம் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. நம் சபாக்களில் கடம் உபபக்கவாத்தியம், பின்வரிசை. தனி ஆரம்பித்ததும் பாதி சபை காபி குடிக்க எழுந்து போவதை நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் (நானும் போயிருக்கிறேன், மறைப்பானேன்). அதே மண்பானை அங்கே நால்வரில் ஒருவராக முன்னால் உட்கார்ந்தது. முதல் ஆல்பம் 1975-இல் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது, மூன்றே உருப்படி, அதில் ஒன்று அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ராம்நாட் ராகவன் மிருதங்கமும் உண்டு, ஆகவே ஐந்து பேர். சரியான நால்வர் குழு என்றால் 1976, 1977-இல் வந்த அடுத்த இரண்டு ஆல்பங்கள்தான். அதற்கு அடுத்த வருஷம் குழு கலைந்துவிட்டது.

சங்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இசை சொல்லிக்கொடுத்த வி.லட்சுமிநாராயணாவின் மகன், எல்.வைத்தியநாதன், எல்.சுப்பிரமணியம் இருவருக்கும் தம்பி. அவரும் மெக்லாக்லினும் ஒரே வரியைச் சேர்ந்து வாசித்து ஓடும் இடங்களில் எது தந்தி எது வில் என்று பிரிக்க முடியாது. சில இடங்களில் வேகத்தைக் காட்டவே வேகம் என்று எனக்குத் தோன்றியதுண்டு, இரண்டாவது ஆல்பத்தில் அது குறைந்திருக்கிறது, அதனால் என் ஓட்டு அதற்குத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் குழு திரும்ப வந்தபோது கொஞ்ச காலத்தில் மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார், கடத்தின் இடத்தில் விநாயகராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். ஸ்ரீநிவாஸ் 2014-இல் காலமாகிவிட்டார். 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கியபோது மேடையில் பாடகர் சங்கர் மகாதேவனும் வயலின் கணேஷ் ராஜகோபாலனும் இருந்தார்கள், அந்த வருஷம் டிசம்பரில் ஜாகிரும் போனார்.

அந்தப் பழைய படத்தை நீங்கள் மறுபடியும் போடுவீர்கள், எல்லோரிடமும் இருப்பது அந்த ஒரு படம்தான் போல. அப்போது நான்கு பெயரையும் போட்டுவிடுங்கள். இடம் போதாவிட்டால் ‘மற்றும் குழுவினர்’ என்பதை எடுத்துவிட்டால் ஒரு பெயருக்காவது இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
திருச்சி